7 ஆவணம், 7 மார்க்

ஹிஸ்டரி பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதினா மார்க் விழும்னு நம்பி வளர்ந்தவன் நான். அமெரிக்க ஹைஸ்கூல் பசங்க எழுதுற ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி தேர்வோட மதிப்பெண் விதிகளைப் படிச்சப்போ அந்த நம்பிக்கை ஆடிப்போச்சு.

அதுல ஒரு கட்டுரைக் கேள்வி இருக்கு. கடிதம், பேச்சு, கார்ட்டூன்னு 7 ஆவணங்களைக் கையில கொடுத்துடுவாங்க. படிக்க 15 நிமிஷம், எழுத 45 நிமிஷம். மொத்தத் தேர்வுல இதுக்கு 25 சதவீதம். ஆனா மார்க் வெறும் 7.

உங்க வாதத்தைத் தெளிவா சொன்னா 1. காலப் பின்னணிக்கு 1. ஆதாரத்துக்கு 3. ஆவணத்துல இருக்கிற வரியை அப்படியே எடுத்து எழுதினா மட்டும் ஆதாரம் ஆகாது. அது உங்க வாதத்தை எப்படித் தாங்குதுன்னு காட்டணும். வாதத்தோட ஆழத்துக்கு 1.

மிச்சமிருக்கிற 1 மார்க்தான் என்னை யோசிக்க வெச்சது. குறைஞ்சது 2 ஆவணங்களை எடுத்து, இதை யார் எழுதினாங்க, யாருக்காக, எதுக்காக, அது ஏன் முக்கியம்னு விளக்கணும்.

பள்ளிக்கூடத்துல நான் படிச்ச 12 வருஷத்துல, எந்தப் பேப்பரும் என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல.