சிப் மாறினால் செயலியும் மாற வேண்டும்



நம் கைபேசிகள் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் வகைச் சிப்பில் இயங்குகின்றன. கணினிகளில் நெடுங்காலமாக இருப்பது இன்டெலின் எக்ஸ்86. ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றதற்குப் புரியாது.

2012 ஏப்ரலில் லாவா நிறுவனம் சோலோ எக்ஸ்900 கைபேசியை வெளியிட்டது. இன்டெல் சிப் கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசி உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான்!

ஜாவா மொழியில் எழுதிய செயலிகள் அதில் அப்படியே ஓடின. ஆர்முக்கென்றே எழுதிய விளையாட்டுகளுக்கோ, ஓடும்போதே கட்டளைகளை மாற்றித் தரும் மென்பொருள் தேவைப்பட்டது. அந்தக் கூடுதல் வேலை வேகத்தைக் குறைக்கும், பேட்டரியையும் கரைக்கும். சில செயலிகள் ஓடவே இல்லை. 2016-இல் இன்டெல் தன் கைபேசிச் சிப் திட்டங்களைக் கைவிட்டது.

இன்று, ஆர்ம், எக்ஸ்86 போல இன்னொரு வகையான ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் கட்டமைப்பை உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். அதைக்கொண்டு சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ சிப், 2018-இல் லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிக் காட்டியது. இத்தகைய நம் நாட்டுச் சிப் ஒருநாள் நம் கைபேசிக்குள்ளும் வர வேண்டும். அதற்குச் சிப் மட்டும் போதாது. அதில் நேரடியாக ஓடும் செயலிகளும் வேண்டும். மென்பொருள் படிக்கும் இளைஞர்களே, ரிஸ்க்-ஃபைவுக்கும் எழுதிப் பழகுங்கள்!