சிலிப் பணமாகாது

வீட்டிலே தைத்த அபாயாவையோ, கிண்டிய தொதலையோ பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பவரா நீங்கள்? மாவனல்லையில் இருந்தாலும் பலாங்கொடைத் தோட்டத்தில் இருந்தாலும், வாங்குபவரின் முகம் தெரியாத வியாபாரம் இது.

“காசு போட்டுவிட்டேன், பார்சலை உடனே அனுப்புங்கள்” என்று ஒருவர் வங்கிச் சிலிப்பின் படத்தை அனுப்பி அவசரப்படுத்துவார். அப்படிப்பட்ட படத்தைக் கைபேசியிலேயே போலியாக உருவாக்கிவிடலாம். உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததே பணம். இலங்கையில் வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் அனுப்பும் வசதி 2015 முதல் உண்டு. “நாளைக்கு வந்துவிடும்” என்றால் பொருளும் நாளைக்கே போகட்டும். காசோலை என்றால், அது மாறும்வரை பொறுங்கள்.

இன்னொருவர், “பணம் அனுப்ப, உங்கள் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்” என்பார். பணம் பெறுவதற்கு உங்கள் பெயரும் வங்கியும் கணக்கு இலக்கமும் போதும். ஓ.டி.பி. கேட்பவர் கொடுக்க வந்தவரல்லர், எடுக்க வந்தவர்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். வந்த படங்களையும் செய்திகளையும் அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கமும் உண்டு. உங்கள் உழைப்பு உங்களிடமே வந்து சேரட்டும்.