ஒரு நல்ல வில்லங்கம்!

'வில்லங்கம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். வில்லங்கம் பார்க்காமல் நாம் நிலத்துக்கு முன்பணம் கொடுக்க மாட்டோம். ஆனால் தாமே விரும்பி, அதுவும் கை நிறையப் பணம் வாங்கிக்கொண்டு, தங்கள் நிலத்தின் மேல் ஒரு வில்லங்கத்தை ஏற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்! அமெரிக்காவில் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

பெண் இருப்பது ஸான்பிரான்ஸிஸ்கோவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்திக்கு மாடு கன்று காட்டலாமென்று 'கோல்டன் கேட்' பாலத்தைத் தாண்டி, வடக்கே மாரின் மாவட்டத்துக்குக் காரில் கூட்டிப் போனாள். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வீடுகள், கடைகள். அப்புறம் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஒரே புல்வெளி. ஆங்காங்கே மாடுகள். சரிவுக்குக் கீழே டொமாலிஸ் விரிகுடாவின் நீலத் தண்ணீர்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய பட்டணத்துக்குப் பக்கத்திலே, 'மனை விற்பனைக்கு'ன்னு ஒரு போர்டைக்கூடக் காணோமே! வாங்க ஆள் இல்லையா?"

"ஆள் வரிசையா நிக்கறாங்கம்மா. ஆனா வீடு கட்டற உரிமையை விவசாயிங்களே வித்துட்டாங்க. நிலம் மட்டும் அவங்க கிட்டயே இருக்கு!"

எனக்குத் தலை சுற்றியது. அவள் நிதானமாக விளக்கினாள்.

இரண்டு பெண்களின் யோசனை

1960-களில் இந்தப் பகுதிக்கு அகலமான சாலை போட்டு, லட்சம் பேருக்கு மேல் குடியேற்றத் திட்டம் இருந்ததாம். 'எப்படியும் விற்கப் போகிற நிலம்தானே' என்று விவசாயிகளுக்குக் கொட்டகையைப் பழுதுபார்க்கக்கூட மனம் வரவில்லை. 1972-இல் மாவட்ட நிர்வாகம், 60 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் அடுத்து வருகிறவர்கள் அதை மாற்றிவிடலாமே! தவிர, பணக்காரர் ஒருவர் பெரிய பண்ணையை வாங்கி, நடுவில் ஒரு பங்களா கட்டிக்கொண்டால் விதி மீறவில்லை. ஆனால் பால் கறப்பது நின்றுபோகும்.

அப்போதுதான் எலன் ஸ்ட்ராஸ், ஃபிலிஸ் ஃபேபர் என்ற இரண்டு பெண்மணிகள் சேர்ந்தார்கள். ஃபிலிஸ் தாவரங்களைப் படித்த உயிரியல் நிபுணர். எலன் பால்பண்ணைக் குடும்பத்துத் தலைவி, நான்கு குழந்தைகளுக்குத் தாய். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதப் பெண். 1940-இல், நாஜிகள் நுழைவதற்குச் சற்று முன்னால், குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்தவர். அவருடைய கணவர் பில், 1941-இல் 23 மாடுகளோடு பண்ணை ஆரம்பித்து, உற்றார் உறவினர் பெயர்களையே அவற்றுக்கு வைத்தாராம்! ஊரை விட்டு ஓடி வந்தவருக்குத்தான் மண்ணின் அருமை தெரியும் போலும். இந்த இருவரும் முன்நின்று 1980-இல் தொடங்கியதுதான் மாரின் விவசாய நில டிரஸ்ட். விவசாய நிலத்துக்கென்றே அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் டிரஸ்ட் இது.

கணக்கு இதுதான்

நம் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு நிலம் வீடு கட்ட விற்றால் பத்து லட்சம், மாடு மேய்க்க மட்டும் என்றால் ஆறு லட்சம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் இரண்டையும் கணக்கிடுவார். வித்தியாசமான நாலு லட்சத்தை டிரஸ்ட் விவசாயிக்குக் கொடுத்துவிடும். பதிலுக்கு, 'இந்த நிலத்தைக் கூறு போட்டு மனையாக்க மாட்டோம்' என்று பத்திரம் பதிவாகும். நிலம் அவருடையதுதான். உழலாம், மாடு வளர்க்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் அந்த நிபந்தனை கூடவே போகும். வருஷா வருஷம் டிரஸ்டிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டும் போவார்கள்.

"அந்தப் பணத்தை என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"கடனை அடைப்பாங்க, கொட்டகை போடுவாங்க. முக்கியமா, கூடப்பிறந்தவங்களுக்குப் பங்கைக் கொடுத்துட்டு, விவசாயம் பண்ண ஆசைப்படற பிள்ளை நிலத்தை வெச்சுப்பான்."

நான் பதில் பேசவில்லை. காரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலும் பாகப்பிரிவினை நடந்தது. தம்பிக்கு வயலை வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் எனக்கும் தங்கைக்கும் பங்கு கொடுக்க அவன் கையில் பணமில்லை. எங்களுக்கோ பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம். விற்றுத்தான் பிரித்துக்கொண்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது அங்கே வரிசையாக மனைக் கற்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சண்டைகூட இல்லை. இருந்தும் வயல் போய்விட்டது. மூன்று பேரும் நியாயமாக நடந்துகொண்டாலும் நிலம் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

யார் வீட்டுப் பணம்?

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? நன்கொடை பாதி, அரசாங்கம் பாதி என்று கலந்துதான். 2012-இல் மாரின் மக்களே ஓட்டுப் போட்டு, நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் கால் டாலர் கூடுதல் வரி கட்டச் சம்மதித்தார்கள். அதில் பூங்காக்களுக்குப் போக ஒரு பகுதி விவசாய நிலத்துக்கு. 2022-இல் மறுபடியும் ஓட்டுப் போட்டு அந்த வரியைத் தொடரச் செய்தார்கள். கடைக்குப் போகிற இல்லத்தரசியின் சில்லறையும் அந்தப் புல்வெளியில் இருக்கிறது!

இதிலும் சங்கடம் இல்லாமலில்லை. பத்திரம் என்றென்றைக்கும் செல்லும். நாளைக்குப் பேரன் மனம் மாறினாலும் அவனால் மாற்ற முடியாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் குடும்பம் முழுக்க உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும்.

இன்று 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. எலன் 2002-இலும் ஃபிலிஸ் 2023-இலும் காலமானார்கள். எலனின் மகன் 1994-இல் பண்ணையை ரசாயன உரமில்லாத இயற்கைப் பண்ணையாக மாற்றினார். ஸ்ட்ராஸ் பெயரில் பால் கண்ணாடி பாட்டிலில் கடைக்கு வருகிறது. திரும்பும் வழியில் ஒன்று வாங்கினோம். ஏடு கட்டியிருந்த பாலைப் பார்த்துப் பேத்தி, "பாட்டி, இது நாம பார்த்த மாட்டுப் பாலா?" என்றாள்.

ஊர் திரும்பியதும் தம்பி வீட்டுக்குப் போனேன். காப்பி போடப் பாக்கெட் பாலைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் மூன்று பசு கட்டியிருந்தவன்!

நம் பக்கத்தில் இப்படி ஒரு டிரஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே. பாகம் பிரிக்க உட்காரும்போது, 'யாருக்கு எவ்வளவு?' என்பதற்கு முன்னால், 'இதில் பயிர் வைக்க ஆசைப்படுகிறவர் யார், அவருக்கு எத்தனை வருஷத் தவணை கொடுக்கலாம்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் அன்று கேட்கவில்லை.