ரூ.20 லட்சம் ஜப்பான் கார் சத்துவாச்சாரி வந்தால் ரூ.80 லட்சம்! "சீப்பா கிடைக்குது" என்று வாங்கினால் பறிமுதல் ஆபத்து

வேலூர்:

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கு தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் ஏராளம். பஸ், கம்பெனி வேன், பைக் என்று அலைந்தவர்களில் சிலர் இப்போது கடன் உடன் வாங்கியாவது கார் எடுக்கிறார்கள். அதிலும் வாலிபப் பசங்களுக்கு ஜப்பான் ஸ்பீடு கார் மேல் தனி மோகம். "ஜப்பான் இம்போர்ட் வண்டி, வெளிமாநில நம்பர், 8 லட்சம்தான்" என்று புரோக்கர் சொன்னால் யாருக்கும் சபலம் தட்டத்தான் செய்யும்.

அந்த 8 லட்சம் கையில் நிற்குமா, போய்விடுமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் கம்பெனி கார் எல்லாம் இம்போர்ட் கார் அல்ல. ஒரு காலத்தில் ரோட்டில் பந்தாவாக ஓடிய மிட்சுபிஷி லான்சர், 1998 முதல் நம்ம திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரான வண்டி. அது உள்ளூர் வண்டிதான். உற்பத்தி நின்று பல வருஷம் ஆனதால் ஸ்பேர் பார்ட்சுக்கு அலைய வேண்டும். ஆனால் சுங்கத்துறை தேடி வராது. அதே லான்சர் பெயரில் வந்த 'எவல்யூஷன்' கார், கப்பலில் முழுசாக வந்து இறங்கிய இறக்குமதி கார். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மும்பைதான் ஒரே வழி

ஜப்பானிலும் நம்மைப் போலவே ரோட்டில் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் அங்கே ஓடிய செகண்ட் ஹேண்ட் காரை அப்படியே கொண்டு வந்து ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் பழைய கார் இறக்குமதிக்கு கட்டுப்பாடு ரொம்ப அதிகம். வண்டி தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சென்னை துறைமுகத்தில் இறக்க முடியாது.

இந்த 3 வருஷ விதியை மனசில் வைத்துக்கொண்டால் பாதி மோசடி புரிந்துவிடும். 1990-களில் வந்த நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா வண்டிகளை "இப்பதான் ஜப்பான்ல இருந்து வந்துச்சு" என்று யாராவது விற்றால், அது நேர் வழியில் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

சரி, சட்டப்படியே கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வண்டி 20 லட்சம். 2025 பட்ஜெட் கணக்குப்படி பழைய காருக்கு சுங்கவரியும் செஸ் வரியும் சேர்ந்து 137.5 சதவீதம். அதாவது 27.5 லட்சம். ஆச்சு 47.5 லட்சம். அதன் மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி. 19 லட்சம். மொத்தம் 66.5 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 20 சதவீதம். வண்டி வயசைப் பார்த்து கொஞ்சம் குறையலாம். எப்படிப் பார்த்தாலும் டி.என். 23 நம்பர் மாட்டும்போது கிட்டத்தட்ட 80 லட்சம் ஆகிவிடும்.

8 லட்சத்துக்கு எப்படி?

80 லட்சம் ஆக வேண்டிய வண்டி 8 லட்சத்துக்கு கிடைக்கிறது என்றால் நடுவில் எங்கோ வரி காணாமல் போயிருக்கிறது. சுற்றுலாப் பயணி 6 மாதம் ஓட்டிவிட்டு திருப்பி எடுத்துப் போக வேண்டிய வண்டியை இங்கேயே தள்ளிவிடுவது ஒரு வகை. வெளிநாட்டில் இருந்து குடிபெயர்ந்து வருபவர் பெயரில் இறக்கி, வேறு ஆளுக்கு விற்பது இன்னொரு வகை.

சமீபத்தில் பெரிசாக வெடித்தது பூடான் விவகாரம். 2025 செப்டம்பர் 23-ந்தேதி கேரளாவில் சுங்கத்துறையினர் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் புகுந்தனர். நும்கோர் என்றால் பூடான் மொழியில் வண்டி. பூடானில் இருந்து வரி கட்டாமல் கொண்டு வந்து, இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் போலி ஆவணம் மூலம் பதிவு செய்து விற்றதாக புகார். டொயோட்டா லேண்ட் குரூசர் உள்பட 36 வண்டிகள் முதல் நாளே சிக்கின. சினிமா நடிகர்கள் வீடுகளும் தப்பவில்லை. சென்னையிலும் 2013 மார்ச்சில் இறக்குமதி சொகுசு கார் வரி ஏய்ப்பு வழக்கில் சி.பி.ஐ. ரெய்டு நடந்து பரபரப்பானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரி ஏய்த்தவன் எங்கே இருந்தாலும், வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அங்கே இருந்துதான் தூக்குவார்கள். "எனக்குத் தெரியாது சார், காசு கொடுத்துதான் வாங்கினேன்" என்றாலும் வண்டி போய்விடும். நடிகர் என்றால் வக்கீல் வைத்து கோர்ட்டுக்குப் போவார். நகையை அடகு வைத்து வாங்கியவர் என்ன செய்வார்? வண்டி போன பிறகும் வட்டி நிற்காது.

பல்லைப் பிடித்துப் பாருங்க

செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போனால், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் காசை எடுக்க மாட்டார்கள். காருக்கு அந்தப் பல், சேசிஸ் நம்பர். வண்டியில் அடித்திருக்கும் நம்பர், ஆர்.சி. புக்கில் உள்ள நம்பர், சுங்கத்துறையின் 'பில் ஆப் என்ட்ரி' ரசீதில் உள்ள நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இம்போர்ட் வண்டிக்கு அந்த ரசீது இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் காட்டினால் ஒரிஜினலைக் கேளுங்கள். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ. தந்த என்.ஓ.சி. கட்டாயம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த வருஷம் தயாரானது, எப்போது பதிவானது என்று வந்துவிடும். 2002-ல் தயாரான வண்டி 2015-ல் முதல் பதிவு என்று இருந்தால், நடுவில் 13 வருஷம் எங்கே இருந்தது?

தினமும் ஆம்பூர் போக முடியுமா?

பேப்பர் எல்லாம் சுத்தம், காசும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நிசான் கம்பெனியே 2016 டிசம்பரில் 'ஜி.டி.ஆர்.' என்ற காரை இந்தியாவில் 1.99 கோடிக்கு விற்பனைக்கு விட்டது. 570 குதிரைத் திறன், மணிக்கு 315 கி.மீ. வேகம். ஆனால் காலை நேரத்தில் கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதற்குள் ஆட்டோவே முந்திக்கொண்டு போய்விடும். வண்டியின் அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் இடைவெளி வெறும் 105 மில்லி மீட்டர். நம்ம ஊர் வேகத்தடையில் ஏறினால் அடிவயிறு கிழியும். இதற்கென்று கம்பெனி அமைத்த சிறப்பு சர்வீஸ் மையம் டெல்லி பக்கம் நொய்டாவில். அந்தக் காரின் உற்பத்தியே 2025 ஆகஸ்டில் நின்றுவிட்டது.

சத்துவாச்சாரி - ஆம்பூர் போக வர சுமார் 100 கி.மீ. இந்தக் கார் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 9 கி.மீ.தான் கொடுக்கும். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 1,100 ரூபாய், 26 நாளைக்கு 28,600. லிட்டருக்கு 20 கி.மீ. போகும் சின்ன காருக்கு 13 ஆயிரம் போதும். போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காக வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே சொல்லிவிட்டது.

எந்தக் காராக இருந்தாலும் பள்ளிகொண்டா டோல்கேட் விடாது. 2025 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு 3,000 ரூபாய்க்கு கொண்டு வந்த வருடாந்திர பாஸ்டேக் பாஸில் 200 தடவை கடக்கலாம். போக ஒன்று, வர ஒன்று என்று மாதம் 52 தடவை கடப்பவருக்கு அந்த 'வருட' பாஸ் 4 மாதம்கூட தாங்காது.