பானம்பாவை விட்டுப் போனவர்கள்

அடிமை என்றதும் கப்பலும் விலங்கும் அமெரிக்கப் பருத்திக் காடுமே நம் கண் முன் வருகின்றன. கப்பலேறாமல் ஆப்பிரிக்க மண்ணிலேயே, ஆப்பிரிக்கருக்கே அடிமைப்பட்டுக் கிடந்தவர்களை நாம் நினைப்பதில்லை.

இன்று மாலி எனப்படும் தேசத்தில், பமாகோ நகருக்கு வடக்கே பானம்பா என்றொரு வியாபார ஸ்தலம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அவ்வூர் வணிகர்கள் பெருந்தனவந்தர்கள், ஸோனின்கே இனத்தவர். அவர்களுக்குக் கம்பும் பருத்தியும் விளைவித்தவர்கள் அடிமைகள். தெற்கே வாஸுலு முதலிய நாடுகளில் ஸமோரி மன்னனுடைய யுத்தங்களில் பிடிபட்டு விலைக்கு வந்தவர்கள் அவர்களிற் பலர். பிறந்த ஊரை மறந்துவிட அவர்களுக்கு அதிக காலமாகவில்லை.

1905-ஆம் வருஷம் அவர்கள் கூட்டங் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். யஜமானர்கள் மறித்தார்கள். பிரெஞ்சு சர்க்கார் படையை அனுப்பி, எப்படியோ ஸமாதானம் செய்து வைத்தது. அந்த ஸமாதானம் ஒரு வருஷங்கூட நிற்கவில்லை. 1906-இல் ஆயிரக்கணக்கானோர் மறுபடியும் நடந்தார்கள். இம்முறை கவர்னர் போந்தி துரை அவர்களைத் தடுக்கவில்லை. பிற ஊர்களிலும் அடிமைகள் மூட்டை கட்டினார்கள். சில வருஷங்களுக்குள் லக்ஷக்கணக்கானோர் வெளியேறினர்.

அடிமைத்தளையை அறுத்த பெருமையைத் துரைமார்களுக்குச் சூட்டுவது நமக்குப் பழகிய கதைதான்! தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்ததாகப் பிரான்ஸ் 1848-லேயே பறை சாற்றிற்று. ஆனாலும் பானம்பாவில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. 1905 டிஸம்பர் 12-இல் பிறந்த சட்டமோ மனிதரை வாங்குவதையும் விற்பதையுமே தடுத்தது. அதற்கும் பல மாதங்களுக்கு முன்பே பானம்பா மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டனர்.

போகாமல் தங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய சந்ததியாரை இன்றும் மேற்கு மாலியில் கய் பிரதேசத்து ஸோனின்கே கிராமங்கள் பலவற்றில் 'கோமோ', அதாவது அடிமை, என்றே அழைக்கின்றனர். அவர்கள் மசூதியில் முன்னின்று தொழுகை நடத்தலாகாது. உயர்குடியில் பெண் கேட்கலாகாது. விலைச்சீட்டு இல்லை, விலங்கு இல்லை. பெயர் மட்டும் போகவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு 'கன்பானா' என்ற இயக்கத்தார், "நாம் யாவரும் சமம், இப்பெயரை ஏற்கமாட்டோம்" என்று எழுந்தனர். மறுத்தவர்களுக்குக் கிணற்றையும் வயலையும் அடைத்தார்கள். 2020 செப்டம்பரில் ஜான்ஜுமே என்ற கிராமத்தில் நால்வரை அடித்தே கொன்றார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர்.

பிறப்பினால் வரும் அடிமைத்தனத்தைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் மாலியில் 2024 டிஸம்பரில்தான் வந்தது. இம்முறையும் ஜனங்கள் நடந்த பிறகே சட்டம் வந்திருக்கிறது.