‘கவுண்ட்’ எவ்வளவு?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்பவர், காசிமேட்டில் விடியலுக்கு முன் மீன் இறக்குபவர், திருவொற்றியூரில் நைட் ஷிப்ட் முடித்து வருபவர்: யாராக இருந்தாலும், எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு ஆஸ்பத்திரியில் பழகிப்போகும் வார்த்தை ‘கவுண்ட்’. ரத்தத்தில் உள்ள சிடி-4 அணுக்களின் எண்ணிக்கை அது.

எதை எண்ணுகிறார்கள்?

சிடி-4 என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமி நுழைந்தால் மற்ற எதிர்ப்பு அணுக்களை ஏவிவிடும் மேஸ்திரி. எச்.ஐ.வி. குறிவைப்பது இந்த மேஸ்திரியைத்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் காசநோய், மூளைக்காய்ச்சல் போன்றவை எளிதில் தொற்றும்.

விலை குறைந்த கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். ஆனால் சிடி-4 அணுக்களை எண்ண லேசர் ஒளியில் இயங்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் தேவைப்பட்டது. கருவியின் விலையோ பல லட்சம்.

சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மலிவான வழிகளைத் தேடினார்கள். மைக்ரோஸ்கோப்பில் கையால் எண்ணும் முறையைப் பரிசோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையும் (ஏ.ஆர்.டி.) தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதன் முதல் மையங்களில் ஒன்று. பின்னர் விரல் நுனி ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் எண்ணும் சிறு கருவிகள் வந்தன. கருவியே இல்லாமல், 200க்கு மேலா கீழா என்று மட்டும் காட்டும் பட்டைகளும் வந்துவிட்டன.

இப்போதும் தேவையா?

முன்போல் கவுண்ட் குறையும்வரை காத்திராமல், 2017 முதல் அது எவ்வளவு இருந்தாலும் மாத்திரை உண்டு. மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரஸ் அளவுப் பரிசோதனை சொல்லும். உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, வேறு தொற்றுகளைத் தடுக்க மருந்து வேண்டுமா என்பதைச் சொல்வது சிடி-4தான். தாமதமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு இது மிக முக்கியம்.

கவனிக்க

• அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் இந்த மையம் இருக்கிறது.

• கவுண்ட் ஏறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும்.

• காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை ஏறி இறங்கும். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்.

• எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

• சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பரிசோதனைக்குக் கட்டணமில்லை, ஆனால் அதற்காக விடும் ஒருநாள் கூலிக்கு யார் பொறுப்பு? வெளியூர் லோடு, கடல் நாள், ஷிப்ட் எதுவானாலும் மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். கூடுதல் நாட்களுக்கு மாத்திரை தர முடியுமா என்றும் கேளுங்கள்.