ஐயமும் நீதியும்

ஐயம் கொள்ளுதல் குற்றமன்று. காவல் புரிவோர்க்கு அது கடமையும் ஆகும். ஆனால், அந்த ஐயம் ஒருவர் செய்த செயலைப் பற்றி எழுகிறதா, அன்றி அவருடைய பெயரையும் தாடியையும் தொழுமிடத்தையும் கண்டு எழுகிறதா என்று பிரித்தறிதல் வேண்டும். முன்னது விசாரணை, பின்னது பாகுபாடு. இவ்வேறுபாட்டை விளக்குவதே என் நோக்கம்.

நான் போச்சம்பள்ளியைச் சேர்ந்தவன். எங்கள் வாரச்சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒருங்கே ஒலிக்கும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர், விற்பவரின் மதத்தைப் பார்த்து விலை பேசுவதை நான் கண்டதில்லை. இப்பக்கத்து இளைஞர் பலர் ஓசூர் வழியே பெங்களூருக்குப் படிக்கவும் பிழைக்கவும் செல்கின்றனர். அந்நகரில் மருத்துவம் பயின்ற ஒருவரின் வரலாறு நமக்குப் பாடமாகும்.

2007ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையத்தின்மீது எரிவாயு உருளைகள் ஏற்றிய ஜீப் ஒன்று மோதப்பட்டது. அது கொடுஞ்செயல் என்பதில் இரு கருத்தில்லை. அப்போது ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மருத்துவர் முகமது ஹனீஃப், பிறந்த மகளைக் காண இந்தியாவுக்குப் புறப்படுகையில், ஜூலை 2ஆம் நாள் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முந்திய ஆண்டு பிரிட்டனை விட்டு நீங்கியபோது, தம் கைப்பேசியின் சிம் அட்டையை உறவினர் ஒருவருக்கு அவர் கொடுத்திருந்தார். அவ்வுறவினர், ஜீப்பை ஓட்டியவரின் சகோதரர். எனவே ஹனீஃபை வினவியது தவறன்று. தவறு அதற்குப் பின்னர் நேர்ந்தது.

பன்னிரண்டு நாள் குற்றச்சாட்டின்றியே அவர் காவலில் இருந்தார். பிறகு, அந்த அட்டை தாக்குதல் நடந்த ஜீப்பிலேயே கிடைத்தது என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. உண்மையில் அது லிவர்பூலில் உறவினரிடம் இருந்தது! ஜூலை 16ஆம் நாள் நீதிமன்றம் பிணை வழங்கியது. அன்றே அமைச்சர் அவருடைய விசாவை ரத்து செய்தார். ஜூலை 27ஆம் நாள் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. 2008இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அவர்மீது குற்றம் சாட்டச் சான்றேதும் இல்லை என்று உரைத்தது. 2010இல் அரசு வருத்தம் தெரிவித்து இழப்பீடும் அளித்தது. உறவினர்க்கு உதவுதலும் குழந்தையைக் காண விரைதலும் இயல்பான செயல்கள். அச்சம் மிகுந்த காலத்தில் அவையே குற்றத்தின் சாயலைப் பெற்றன.

நம் மாநிலத்திலும் இவ்வச்சம் பரவியதுண்டு. 1997 நவம்பரில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைக் கொண்டன. இவ்வெல்லா உயிர்களுக்கும் நாம் ஒரே கண்ணீரைத்தான் சிந்த வேண்டும். ஆயினும், குண்டு வைத்தவர் சிலர். கோட்டைமேட்டில் தம் வீட்டுக்குச் செல்லவும் சோதனைச் சாவடியைக் கடந்தவரோ பல்லாயிரவர்.

இம்முறை பயனும் தருவதில்லை. ஒரு நகரில் ஒரே மதத்தினர் ஒரு லட்சம் பேர். அவருள் குற்றவாளிகள் ஐவர் என்று கொள்வோம். மதமே அடையாளமாயின், 99,995 நிரபராதிகளைச் சோதிப்பதில் காவலரின் காலம் கழியும். வேறு பெயருடைய குற்றவாளியோ எளிதில் தப்புவான். துப்புச் சொல்லக்கூடிய மக்களும் மனம் கசந்து வாய் மூடுவர். 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா, பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்த ஆடவர் 80,000 பேருக்கு மேல் அழைத்துப் பதிவு செய்தது. அம்முயற்சியால் பயங்கரவாதி என ஒருவருக்கும் தண்டனை கிட்டவில்லை.

நம் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. 15ஆம் பிரிவு, மதத்தின் பெயரால் அரசு வேற்றுமை பாராட்டுதலைத் தடுக்கிறது. ஆனால், வாடகைக்கு வீடு மறுக்கும் வாயையும், வகுப்பறையில் நண்பனைக் குத்திக் காட்டும் சொல்லையும் சட்டம் ஒன்றே திருத்திவிடாது. அப்பணி நம்முடையது. செய்தித்தாளில் ஒரு கொடுமையைப் படித்த மறுநாள், உங்கள் பக்கத்து இருக்கையில் அமரும் முஸ்லிம் மாணவரிடம் விளக்கம் கேளாதீர்கள். வழக்கம்போல் பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். குற்றம் செய்தவனைச் சட்டம் தேடட்டும். குற்றமற்றவர்க்கு நாம் துணை நிற்போம்.